மல் தீவில் கேம்பர்வேனோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் மல் தீவை, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேனில் சுற்றுவது பற்றிப் பேச்செடுத்தாலே தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். பிரிட்டனிலேயே குடியிருப்பவர்களும் கேட்கிறார்கள், ஊரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களும் கேட்கிறார்கள், அதனால் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதிவிட்டேன். கட்டணமும் நேர அட்டவணையும் சீசனுக்குச் சீசன் மாறுபவை, கிளம்பும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஸ்கை தீவுக்குத்தானே போகிறார்கள், மல் எதற்கு?

ஸ்கை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1995இல் பாலம் வந்த பிறகு அங்கே போக ஃபெர்ரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஜூலையில் பார்க்கிங்குக்கே வரிசையில் நிற்க வேண்டும். மல் தீவுக்குப் பாலம் கிடையாது. ஒரு நாளில் எத்தனை வண்டி உள்ளே வரலாம் என்பதைக் கப்பல்தான் முடிவு செய்கிறது, கூட்டம் அதற்குமேல் போகாது. பரப்பு சுமார் 875 சதுர கிலோமீட்டர், மக்கள் மூவாயிரம் பேர் அளவில். கடற்கரை வளைந்து வளைந்து ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓடுகிறது. நடுவில் 966 மீட்டர் உயரத்துக்கு பென் மோர் மலை. ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடி தாண்டிய மலைகளை மன்ரோ என்பார்கள். ஸ்கையை விட்டால் தீவுகளில் இருக்கும் ஒரே மன்ரோ இதுதான்.

ஒரே நாளில் முழுத் தீவையும் பார்த்துவிடலாமா?

முடியாது. வரைபடத்தில் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும், அதுதான் ஏமாற்று. கிரெய்க்னியூர் துறையிலிருந்து தென்மேற்கு மூலையில் இருக்கும் ஃபின்னஃபோர்ட்டுக்கு 60 கிலோமீட்டர்தான், ஆனால் கேம்பர்வேனில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஆடு படுத்திருக்கும், எதிரே பஸ் வரும், நீங்களே பத்து இடத்தில் நிறுத்தச் சொல்வீர்கள். தீவின் வடக்குப் பகுதியைச் சுற்றும் வடக்கு வட்டம், ஃபின்னஃபோர்ட்டுக்கு எதிரே இருக்கும் அயோனா தீவு இரண்டையும் ஒரே நாளில் அடக்கப் பார்த்தால் கடைசியில் நினைவில் நிற்பது ஸ்டீயரிங் மட்டும்தான். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது கிட்டத்தட்ட இந்த ஒன்றைத்தான்.

சரி, ஒரு நாள் என்றால் எந்த வழி?

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வடக்கு வட்டம். கிரெய்க்னியூரில் இறங்கி, கடலை வலப்பக்கம் வைத்து சாலன் வழியாக டோபர்மோரி. அங்கே காலை. அப்புறம் மேற்கே திரும்பி மலை ஏறி இறங்கினால் டெர்வேக் என்ற சின்ன ஊர், பென்சில் சீவியதுபோல ஒரு தேவாலயக் கோபுரம் இருக்கும். அதைத் தாண்டி கால்கரி கடற்கரை, மதியச் சாப்பாடு அங்கே. பிறகு கரையை ஒட்டியே தெற்கே உல்வா ஃபெர்ரி என்ற படகுத்துறை, லோக் ந கீல் என்ற நீண்ட கடற்கழி, கிரூலின், மறுபடி சாலன், மறுபடி கிரெய்க்னியூர். மொத்தம் 100 கிலோமீட்டருக்கு அங்கே இங்கே. சாலை நேரம் மட்டும் மூன்றரை மணி, நிறுத்தங்களோடு ஒரு முழு நாள்.

இந்தத் திசையில், அதாவது கடிகாரமுள்ளுக்கு எதிராகச் சுற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கேயும் நம் ஊர்போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். இப்படிச் சுற்றினால் மேற்குக் கரையில் உங்கள் இடப்பக்கம் மலைச்சரிவு, வலப்பக்கம் கடல். ஒதுங்கும்போது பெரும்பாலும் மலைப்பக்கமே ஒதுங்குவீர்கள், பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் நிற்கிறதே என்ற பதற்றம் குறையும். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்குக் கடல் நேராகத் தெரியாமல் ஓட்டுநரின் தோளைத் தாண்டித்தான் தெரியும், அது ஒன்றுதான் குறை. அதைப் பற்றி எங்கள் வண்டியில் புகார் வந்தது, ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

கால்கரியில் மணல் வெள்ளையாக இருக்கும், சிப்பி உடைந்து உடைந்து சேர்ந்த மணல். கனடாவில் இருக்கும் பெரிய நகரத்துக்கு இந்த விரிகுடாவின் பெயர்தான். இங்கே விருந்தாளியாகத் தங்கியிருந்த கர்னல் ஜேம்ஸ் மக்லியோட் 1876இல் அங்கே இருந்த கோட்டைக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அங்கே பதினைந்து லட்சம் பேருக்கு நெருக்கமாக இருக்கலாம், இங்கே நீங்கள் போகும் நேரத்தில் நான்கு குடும்பமும் ஒரு நாயும் இருக்கும்.

எந்த ஃபெர்ரி பிடிக்க வேண்டும்?

மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் கால்மாக் என்ற அரசு நிறுவனமே ஓட்டுகிறது. பெருநிலக் கரையில் இருக்கும் ஓபன் என்ற ஊரிலிருந்து கிரெய்க்னியூர், சுமார் 50 நிமிடம், பெரிய கப்பல். லோக்காலினிலிருந்து ஃபிஷ்னிஷ், 20 நிமிடத்துக்கும் குறைவு, சின்னப் படகு. கில்கோவனிலிருந்து டோபர்மோரி, அரை மணிக்குச் சற்று மேல், ஆனால் கில்கோவனுக்குப் போய்ச் சேருவதே ஒரு தனிப் பயணம்.

முதல் முறை என்றால் ஓபன்தான். கோடையில் வண்டிக்கான இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், கேம்பர்வேனை முன்பதிவு செய்த கையோடு ஃபெர்ரியையும் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போது வண்டியின் உண்மையான நீளத்தைக் கொடுங்கள். பின்னால் சைக்கிள் மாட்டும் கம்பி இருந்தால் அதையும் சேர்த்து. கப்பலில் இடத்தை நீளத்தை வைத்துத்தான் ஒதுக்குகிறார்கள். துறையில் நிற்கும் ஆட்களுக்குக் கண்ணே அளவுநாடா.

கப்பலில் வண்டியை ஏற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள். அடுப்பின் குமிழை மட்டும் திருப்பினால் போதாது, சிலிண்டரின் வாயிலேயே மூட வேண்டும். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, அலாரத்தை அணைத்துவிட்டு மேலே போங்கள். அலாரத்தை மறந்தவர்களின் வண்டி எண்ணைக் கப்பலின் ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். ஃபிரிட்ஜ் கதவின் கொக்கியையும், தலைக்கு மேலே இருக்கும் அலமாரிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பார்ப் பொடி டப்பா கீழே விழுந்தால் அந்த வண்டியில் அடுத்த வாரம் போகிறவர்களுக்கும் வாசனை கிடைக்கும்.

மேலே போனால் வெளியே நில்லுங்கள். லிஸ்மோர் தீவு முனையில் 1833இல் கட்டிய வெள்ளைக் கலங்கரைவிளக்கம் வரும். அதற்குப் பக்கத்தில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தலை நீட்டும் ஒரு பாறை. 16ஆம் நூற்றாண்டில் டூவர்ட் கோட்டையின் தலைவன், மக்லீன் குலத்தவன், தன் மனைவியை அலை ஏறும் நேரத்தில் அந்தப் பாறையில் விட்டுவிட்டு வந்தான் என்பது கதை. மீனவர்கள் அவளைக் காப்பாற்றிப் பிறந்த வீட்டில் சேர்த்துவிட்டார்கள். அவனோ துக்கம் சொல்ல அவளுடைய பிறந்த வீட்டுக்கே போனான், விருந்து மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கதை சொல்லி முடிப்பதற்குள் இடப்பக்கம் அதே டூவர்ட் கோட்டை வந்துவிடும், இறங்கத் தயாராக வேண்டியதுதான்.

ஒற்றைத்தடச் சாலை என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் வேண்டாம், ஆனால் விதி தெரிய வேண்டும். கிரெய்க்னியூர், சாலன் இடையே பெரும்பாலும் இரண்டு தடம் கிடைக்கும், அதற்குப் பிறகு தீவில் பெரும்பகுதி ஒரே ஒரு வண்டி அகலம்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சாலை ஓரத்தில் ஒரு வீக்கம் இருக்கும், பாஸிங் பிளேஸ் என்று வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள்.

எதிரே வண்டி தெரிந்ததும் யாருக்குப் பாஸிங் பிளேஸ் பக்கமோ அவர் நிற்க வேண்டும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையாமல், அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் அந்த வீக்கத்துக்குள் சுற்றிக்கொண்டு போவார். இந்த இரண்டாவதைத்தான் புதிதாக வருகிறவர்கள் குழப்பிக்கொண்டு வலப்பக்கம் பாய்ந்து எல்லாரையும் திணறடிக்கிறார்கள். மேடு ஏறி வருகிறவருக்கு முடிந்தவரை வழி விடுங்கள். பஸ்ஸும் மரம் ஏற்றிய லாரியும் வந்தால் யார் பின்னால் போவது என்ற விவாதமே இல்லை, நீங்கள்தான்.

இன்னொன்று, இது எதிரே வருகிறவரைவிட முக்கியம்: பின்னால் பாருங்கள். கண்ணாடியில் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தால், அதில் இருப்பவர் ஃபெர்ரியைப் பிடிக்க ஓடும் தாதியாகவோ பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஆசிரியராகவோ இருக்கலாம். அவருக்கு இது சுற்றுலா இல்லை, தினசரி வேலைக்குப் போகும் ரோடு. அடுத்த பாஸிங் பிளேஸில் ஒதுங்கி விட்டுவிடுங்கள், சாலை விதிப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. தீவுக்காரர்கள் கேம்பர்வேன்களைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். மீதிக் கால்வாசி, பாஸிங் பிளேஸில் வண்டியைப் போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகிறவர்கள்.

எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கை விடாமலே ஒரு விரலைத் தூக்கி நன்றி சொல்வார். நீங்களும் தூக்குங்கள். மாலைக்குள் அது தானாகவே வரும், யாருமே இல்லாத இடத்தில் ஆட்டுக்குக்கூடத் தூக்கிக்கொண்டிருப்பீர்கள்.

சட்டப்படி வேக எல்லை மணிக்கு 60 மைல். நம்பாதீர்கள், 25 மைல் தாண்டுவதே அபூர்வம்.

எவ்வளவு பெரிய வண்டி எடுக்கலாம்?

இரண்டு பேர் என்றால் ஃபோக்ஸ்வாகன் வேன் அளவு, ஐந்தரை மீட்டருக்குள். நான்கு பேர் என்றாலும் ஆறு மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏழு மீட்டர் வண்டி கிரெய்க்னியூர், டோபர்மோரி வரை சமாளிக்கும், டெர்வேக் போகும் ஹேர்பின் வளைவுகளிலும் மேற்குக் கரையிலும் ஓட்டுகிறவருக்கு இரத்த அழுத்தம். நின்று சமைக்கிற உயரம், உள்ளேயே குளியலறை எல்லாம் வாடகைக்கு எடுக்கும்போது ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இந்தச் சாலையில் பின்னோக்கி 80 மீட்டர் ஓட்ட முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய அல்லது இலங்கை லைசென்ஸ் செல்லுமா?

பிரிட்டனுக்கு வந்து 12 மாதம் வரை, உங்கள் நாட்டு முழு லைசென்ஸில் 3,500 கிலோவுக்கு உட்பட்ட சிறிய வண்டிகளை ஓட்டலாம், கேம்பர்வேன்கள் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். சட்டம் அவ்வளவுதான், வாடகை நிறுவனமும் காப்பீடும் தனியாக வயது, அனுபவம் எல்லாம் கேட்கும். பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் கவனிக்க: 1997க்குப் பிறகு கார் தேர்வு எழுதியவர்களுக்கும் பொதுவாக அதே 3,500 கிலோதான் எல்லை.

குழந்தைகள் ஓடும் வண்டியில் பின்னால் கட்டிலில் படுத்து வரக்கூடாது. பெல்ட் உள்ள இருக்கை, 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் ஆகும்வரை சைல்டு சீட்.

டோபர்மோரியில் என்ன இருக்கிறது?

துறைமுகத்தை ஒட்டி வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வீடுகள். படங்களில் பார்த்திருப்பீர்கள். 1788இல் பிரிட்டிஷ் மீன்பிடிச் சங்கம் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் இது, தானாக வளர்ந்தது இல்லை. அதற்கு இருநூறு வருடம் முன்பே, 1588இல், ஸ்பெயின் படையெடுப்பில் தோற்றுத் திரும்பிய ஒரு கப்பல் இந்த விரிகுடாவில் வெடித்து மூழ்கியது. அதில் தங்கம் இருக்கிறது என்று நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேடியிருக்கிறார்கள், அந்தப் புதையல் கிடைக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் ஒரு மணிக்கூண்டு நிற்கும். பெரும்பாலானவர்கள் அதன் அடியில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்டு தன் தங்கை ஹென்றியட்டா நினைவாக விட்டுச்சென்ற பணத்தில் எழுப்பியது. தங்கை இந்த ஊரில் வாழ்ந்து 1880இல் இறந்தவள். அக்காவோ ஜப்பான், பாரசீகம், திபெத் எல்லை என்று தனியாகச் சுற்றி, லண்டனின் அரச புவியியல் கழகம் 1892இல் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது உள்ளே போனவர்களில் ஒருத்தி. இந்தியாவுக்கும் வந்தவர், அமிர்தசரஸ் பக்கம் அதே தங்கை பெயரில் ஒரு மருத்துவமனை தொடங்கினார். தங்கை உயிரோடு இருந்தவரை, ஊர் ஊராகச் சுற்றியவர் எழுதிய கடிதங்கள் அவளுக்குத்தான் வந்துகொண்டிருந்தன.

வண்டியை நிறுத்துவதுதான் தலைவலி. துறைமுகத்தின் ஒரு முனையில் லெடேக் பார்க்கிங் இருக்கிறது, பதினோரு மணிக்கு முன் போய்விட்டால் நிம்மதி. மீன்துறையில் மீனும் சிப்ஸும் விற்கும் வண்டி நிற்கும், ஸ்கல்லப் சிப்பி கேளுங்கள். கடற்காகங்கள் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும், சுவருக்கு முதுகு கொடுத்து நின்று சாப்பிடுங்கள். குழந்தைகள் இருந்தால் பக்கத்திலேயே இருக்கும் சின்ன மீன்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம். உள்ளூர்க் கடலில் பிடித்த உயிரினங்களைச் சில வாரம் வைத்திருந்து மறுபடி கடலில் விட்டுவிடுகிறார்கள்.

கிரூலினில் என்ன, வரைபடத்தில் ஒரு கல்லறைதானே இருக்கிறது?

ஆமாம், கல்லறைதான், ஆனால் நம் ஆட்கள் தவறவிடக்கூடாத இடம் என்று சொல்வேன். லாக்லன் மக்வாரி என்பவர் எதிரே இருக்கும் உல்வா தீவில் 1762இல் பிறந்தவர், ஏழைக் குடும்பம். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இந்தியா வந்தார். 1795இல் கொச்சியை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தபோது அங்கே இருந்தார். 1796இல் கொழும்பு, காலி. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிலும் இருந்தார், கொள்ளைப் பணத்தில் அவருக்கும் பங்கு வந்தது. பிறகு அவர் மல் தீவில் நிலம் வாங்கினார். கொச்சியில் இரண்டு சிறுவர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கியதும் பதிவாகியிருக்கிறது. அவர்களில் ஒருவனுக்கு ஜார்ஜ் என்று பெயர் வைத்தார்கள், அவன் கடைசிவரை அவரோடேயே இருந்தான்.

1810 முதல் 1821 வரை ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர். அதனால் கல்லறையில் ‘ஆஸ்திரேலியாவின் தந்தை’ என்று பொறித்திருக்கிறார்கள். 1816இல் அவர் அனுப்பிய படை அங்கே ஏப்பின் என்ற இடத்தில் பூர்வகுடிகளைக் கொன்றது, அதைப் பற்றிக் கல்லில் ஒன்றும் இல்லை. இப்போது அந்தக் கல்லறையைப் பராமரிப்பது ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்று. சாலையிலிருந்து கொஞ்ச தூர நடை, மரங்களுக்கு நடுவே வட்டமாக மதில், உள்ளே கல்லில் ஒரு சின்ன வீடுபோல. பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். காவிரிக் கரையில் ஒரு கோட்டை விழுந்ததற்கும் இந்த ஈரப் புல்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடி நிற்கலாம், பத்து நிமிடம் போதும்.

உல்வா தீவுக்கும் போகலாமா?

வடக்கு வட்டத்தில் நேரம் மிச்சமிருந்தால் போகலாம், வண்டி இல்லாமல். துறையில் ஒரு பலகை இருக்கும், அதன் மூடியைத் தள்ளினால் உள்ளே சிவப்பு தெரியும். அக்கரையில் படகுக்காரர் அதைப் பார்த்து வருவார். ஃபோன் வேண்டாம், ஆப் வேண்டாம். 1840களில் 500 பேருக்கு மேல் இருந்த தீவு இது. உருளைக்கிழங்குப் பஞ்சமும் நிலச்சொந்தக்காரர் ஆட்களை வெளியேற்றியதுமாகச் சேர்ந்து கிட்டத்தட்டக் காலியானது. 2018இல் ஊர்மக்கள் அமைப்பே தீவை விலைக்கு வாங்கிவிட்டது.

கழுகு தெரியுமா?

வாய்ப்பு நிறைய. வெண்வால் கடற்கழுகு பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுட்டு அழிக்கப்பட்டது. 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள், 1985இல் மல் தீவில் முதல் குஞ்சு பறந்தது. இறக்கை விரித்தால் 2.4 மீட்டர் வரை. லோக் ந கீல் கரையில் வண்டியை முறையான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கதவைத் திறக்காமல் உட்காருங்கள். வண்டியே மறைவிடம். ஆள் இறங்கினால்தான் பறவை நகரும். காகங்கள் கூச்சலிட்டுக்கொண்டு மேலே ஏறினால் அந்தப் பக்கம் பாருங்கள், கழுகைத் துரத்திக்கொண்டிருக்கலாம்.

அதே கரையில் நீர்நாயும் உண்டு. கடற்பாசி படர்ந்த பாறைகளை மெதுவாகக் கண்ணால் தடவிக்கொண்டே போக வேண்டும். பாசி ஒன்று அலைக்கு எதிராக நகர்ந்தால் அது பாசி இல்லை. எங்களுக்கு அது ஒரு நண்டைப் பிடித்து வந்து பாறையில் வைத்து, ஓட்டைக் கடித்து உடைக்கிற சத்தம் ஜன்னல் வழியாகவே கேட்டது.

அயோனா, ஸ்டாஃபா?

அதற்கு இன்னொரு நாள். அயோனாவில் 563இல் அயர்லாந்திலிருந்து வந்த கொலம்பா மடம் கட்டினார், ஸ்காட்லாந்தில் கிறிஸ்தவம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. விருந்தினர் வண்டிகளுக்கு அங்கே அனுமதி இல்லை, ஃபின்னஃபோர்ட்டில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடப் படகில் நடந்து ஏறுங்கள். ஸ்டாஃபா ஆறுகோண எரிமலைத் தூண்களால் ஆன குட்டித் தீவு, படகுச் சுற்றுலாவில்தான் போக முடியும், அலை அதிகம் என்றால் இறக்க மாட்டார்கள். பஃபின் பறவைக்காகப் போகிறீர்கள் என்றால் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் போங்கள், அதன் பிறகு அவை கடலுக்குக் கிளம்பிவிடும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது, சைவம் கிடைக்குமா?

டோபர்மோரியில் கிடைக்கும், மற்ற இடங்களில் கஃபே திறந்திருப்பதே நிச்சயம் இல்லை. வண்டியில் அடுப்பு இருக்கிறது, அதை நம்புங்கள். டோபர்மோரியில் கோ-ஆப் சூப்பர்மார்க்கெட், சாலன், கிரெய்க்னியூரில் சின்னக் கடைகள். அரிசி, பருப்பு, பொடிகளை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். டோபர்மோரிக்கு வெளியே ஒரு பண்ணையில் சீஸ் செய்கிறார்கள், ஊர் விஸ்கி டிஸ்டிலரியில் மிஞ்சும் பார்லிச் சக்கையைத்தான் மாடுகளுக்குத் தீவனமாகப் போடுகிறார்கள். உள்ளே உட்கார்ந்து சாப்பிடவும் இடம் உண்டு. சாலையோரத்தில் முட்டை, கேக் வைத்த பெட்டிகள் இருக்கும், ஆள் இருக்க மாட்டார்கள், காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சில்லறை வைத்திருங்கள்.

தாளிப்பு என்றால் கதவைத் திறந்து வைத்துத்தான். எண்ணெய்ப் புகை படுக்கைத் துணியில் ஏறினால் இரவு முழுக்கக் கடுகு வாசம், அதைவிட முக்கியம் காற்றோட்டம் இல்லாமல் கேஸ் அடுப்பு எரிவது ஆபத்து. அடுப்பைச் சூட்டுக்காக எரியவிட்டுத் தூங்காதீர்கள். குளிர்மாதம் என்றால் புரோப்பேன் சிலிண்டரா என்று கேட்டு வாங்குங்கள், பியூட்டேன் 0 டிகிரி பக்கம் போனால் எரியாது.

இரவில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாமா? ஸ்காட்லாந்தில் அந்த உரிமை உண்டாமே?

இல்லை. 2003ஆம் வருட நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களுக்கு, கூடாரம் போடுகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. கிரெய்க்னியூர், டோபர்மோரி, கில்லிக்ரோனன் பக்கம் முறையான கேம்ப்சைட்கள் இருக்கின்றன, கோடையில் முன்பதிவு செய்யுங்கள். கழிப்பறைக் கழிவு சேரும் பெட்டியையும் அழுக்குத் தண்ணீரையும் அங்கேதான் காலி செய்ய வேண்டும், சாலையோரப் பள்ளத்தில் இல்லவே இல்லை. கேம்ப்சைட் பணத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் இந்தக் கேள்வி என்றால், உங்களோடு நான் வரமாட்டேன்.

எந்த மாதம் நல்லது?

மே. பகல் நீளம், கூட்டம் குறைவு, கொசுவைவிடச் சின்னதான மிட்ஜ் பூச்சி இன்னும் முழுப் படையாகக் கிளம்பியிருக்காது. ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து தாண்டும், ஆனால் மிட்ஜும் ஆரம்பிக்கும், ஆகஸ்ட் வரை விடாது. காற்று இல்லாத ஈரமான விடியலிலும் அந்தியிலும்தான் தொல்லை. கொஞ்சம் காற்று வீசினாலே பறக்க முடியாமல் அடங்கிவிடும், அதனால் வண்டியை மரநிழலில் போடாமல் காற்றுப்படும் இடத்தில் போடுங்கள். தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள், பார்க்கக் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை.

டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். வேண்டாம்.

மழை பெய்தால் பணம் வீண்தானே?

கேம்பர்வேன் எடுப்பதே அதற்குத்தான். மழையில் காரில் வந்தவர் திரும்பிப் போவார், நீங்கள் ஜன்னல் ஓரம் டீ போட்டு உட்கார்ந்திருக்கலாம், இந்தத் தீவில் ஒரு மணி நேரத்தில் வானம் மாறும். மழைக்குப் பிறகுதான் உல்வா ஃபெர்ரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஈஸ் ஃபோர்ஸ் அருவி கொட்டும். மேல் இரண்டு கட்டமும் சாலைக்குப் பக்கத்திலேயே, மூன்றாவது கட்டம் செங்குத்தாகக் கடற்கரைக்கு விழுகிறது. அதன் விளிம்பில் வேலி இல்லை, புல் வழுக்கும், குழந்தைகள் கையை விடாதீர்கள்.

பெட்ரோல், நெட்வொர்க்?

கிரெய்க்னியூர், சாலன், டோபர்மோரியில் பம்ப் உண்டு. மேற்குக் கரைக்குப் போகும் முன் நிரப்பிவிடுங்கள். சிக்னல் வரும் போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டோபர்மோரி டிஸ்டிலரியில் ருசி பார்க்கலாமா?

1798இல் தொடங்கியது, சுற்றிப் பார்க்கலாம். ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் 2014 முதல் எல்லை இங்கிலாந்தைவிடக் குறைவு, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம். சின்னப் பாட்டிலாக வாங்கி வைத்து, கேம்ப்சைட்டில் வண்டிச் சாவியை எடுத்து வைத்த பிறகு திறக்கலாம்.

திரும்பும் ஃபெர்ரி ரத்தானால்?

காற்று பலமாக இருந்தால் ரத்தாகும், கப்பல் பழுதாலும் ஆகும். அதனால் விமானமோ முக்கிய வேலையோ இருக்கிற நாளுக்கு முந்தின மாலை ஃபெர்ரியை நம்பித் திட்டம் போடாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள். ஒரு நாளைக்கான அரிசியும் தண்ணீரும் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். கிரெய்க்னியூரில் ரத்து என்றால் முதலில் ஃபிஷ்னிஷ் ஓடுகிறதா என்று பாருங்கள். அங்கே முன்பதிவு கிடையாது, வந்த வரிசையில் ஏற்றுவார்கள், கிரெய்க்னியூரிலிருந்து பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். அக்கரையில் லோக்காலினிலிருந்து மலைச்சாலை வழியாகப் போய், கோரனில் இன்னொரு குட்டி ஃபெர்ரியில் சில நிமிடம் கடந்தால் ஃபோர்ட் வில்லியம் சாலை வந்துவிடும். சுற்றுதான், ஆனால் எல்லாருக்கும் இதே யோசனை தோன்றும், கிளம்புவதென்றால் உடனே கிளம்பிவிடுங்கள்.